சிவப்புப் பாறைக்குப் போக ஒருவரும் சாக வேண்டியதில்லை

சிரோக்கோக் காற்று அடித்த மறுநாள், சிசிலித் தீவில், எங்கள் பலேர்மோ நகரத்தின் பல்கனிகள் எல்லாம் சிவந்து கிடக்கும். கடலுக்கு அப்பால் இருக்கிற பாலைவனம் காற்றில் ஏறி வந்து, காயப்போட்ட வெள்ளை விரிப்புகளிலும் பூச்சாடிகளிலும் கார்களின் முதுகிலும் படுத்துக்கொள்ளும். வீட்டுக்காரர்கள் மூக்கைப் பொத்தி யன்னலைச் சாத்துவார்கள். நான் தும்புத்தடியை எடுப்பேன். இத்தனை வருடமாக நான் கூட்டி அள்ளிக் குப்பைப் பையில் கட்டிய பாலைவனத்தை ஒரு இடத்தில் கொட்டியிருந்தால் சின்னதாக ஒரு குன்று எழும்பியிருக்கும். அந்தக் குன்றுக்கு என் பெயர்தான் வைக்க வேண்டும்.

போன ஜூன் மாதம், என் சின்யோராவின், அதாவது நான் வேலை செய்கிற வீட்டு எசமானியின், மொட்டை மாடியில் அந்தச் செம்மண்ணைக் கூட்டிக்கொண்டு நின்றபோதுதான் தீர்மானித்தேன். எங்கள் இருபத்தைந்தாவது கலியாண நாளுக்கு மண்டபம் வேண்டாம். மூன்று தட்டுக் கேக் வேண்டாம். வீடியோக்காரர் சொல்லுகிறபடி என் புருஷன் எனக்கும் நான் அவருக்கும் கேக் ஊட்டவும் வேண்டாம். நாங்கள் இரண்டு பேர் மட்டும், சிவப்புப் பாறைகள் நிற்கிற பாலைவனத்துக்குப் போகிறோம். பாலைவனம் இவ்வளவு காலம் என்னைத் தேடி வந்தது. ஒரு தடவை நான் அதைத் தேடிப் போனால் என்ன?

காற்று கொண்டு வருவது ஆப்பிரிக்க மண். நான் போக நினைத்தது ஜோர்தானுக்கு, வாதி ரம் என்கிற இடத்துக்கு. அந்த இடத்தை எனக்கு ஏற்கனவே தெரியும். அரைகுறையாகத் தெரியும். அதுதான் கோபம்.

இருபது வயதில் நான் அந்த நாட்டின் தலைநகரமான அம்மானில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றேன். ஒரு வசந்த காலத்தில் அந்தக் குடும்பம் பாலைவனத்துக்கு உல்லாசப் பயணம் போனது. பிள்ளைகள், சட்டிபானை, கரி மூட்டை, நான். போன நேரம் முதல் திரும்பும் வரைக்கும் கூடாரத்துக்குள் இருந்தேன். காற்றில் வாசல் துணி விலகும்போதெல்லாம் ஒரு துண்டுப் பாறை தெரியும். காலையில் அது மாதுளந்தோல் நிறம். மத்தியானம் சூளைச் செங்கல். பொழுதுபடும் நேரம், கொதி எண்ணெயில் மிளகாய்த்தூள் விழுந்தவுடன் வருமே ஒரு நிறம், அது. பாறையடி வரைக்கும் போய்த் தொட்டுவிட்டு வரட்டுமா என்று வீட்டு அம்மாவிடம் கேட்டேன். அவர் ஏசவில்லை. பிள்ளை எழும்பிவிடும் என்று மட்டும் சொன்னார். பிள்ளை எழும்பவில்லை. நான் வெங்காயம் உரித்துக்கொண்டு, எழும்பினால் தூக்கிக்கொண்டு போகலாமே, எழும்பட்டும், எழும்பட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் நின்ற பாறையைத் தொடாமல் திரும்பி வந்தேன். அம்மானிலிருந்து எத்தனையோ கதவுகளைத் தட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்து சேர்ந்தபோதும் அந்தத் துணி என் கண் முன்னால் ஆடிக்கொண்டேதான் இருந்தது.

இனி எங்கள் கலியாணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ஒரு வியாழக்கிழமை பின்னேரம் நடந்தது. வீட்டு வேலைக்காரருக்கு இந்த நாட்டில் வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் நேரம் கிடைக்கவில்லை. அதனால் வியாழன். அன்றிரவு போர்கோ வெக்கியோ என்கிற பகுதியில் அவருடைய அக்காவின் வீட்டில் ஒரு அறையை எங்களுக்கு ஒதுக்கித் தந்தார்கள். பாதி அறை என்று சொல்ல வேண்டும். நடுவில் பூப்போட்ட திரைச்சீலை, அந்தப் பக்கம் அந்த அக்காவின், அதாவது என் மச்சாளின், பிள்ளைகள். வெள்ளி விடிய அவர் தன் முதலாளி வீட்டுக்கும் நான் என் சின்யோரா வீட்டுக்கும் போய்விட்டோம். இரண்டும் இரவும் பகலும் தங்கி நிற்கிற வேலை. அதன் பிறகு சில வருடங்கள், ஞாயிறு கோயிலுக்கும் சொந்தங்களுக்கும் போக, நாங்கள் வியாழன்தோறும் புருஷன் பெண்சாதி. சந்திக்கிற இடம் ஸ்தாசியோனே சென்ட்ராலே, பெரிய ரயில் நிலையம். மழைக்கு ஒதுங்கலாம், டிக்கெட் கேட்க மாட்டார்கள், எவ்வளவு நேரம் இருந்தாலும் எங்கேயோ போகிற ஆட்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். அங்கே பெட்டிகளோடு ஓடிக்கொண்டிருந்த அவ்வளவு சனத்துக்குள்ளும் எங்கும் போகாத இரண்டு பேர் நாங்கள்.

தமிழில் நிலங்களைப் பிரித்தவர்கள் பாலையைப் பிரிவுக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டார்கள். மலையில் கூடலாம், காட்டில் காத்திருக்கலாம், பாலையில் பிரிய வேண்டும். அவர்களுக்கு என்ன தெரியும். நாங்கள் பிரிந்திருந்தது லிப்ட் வைத்த கட்டடங்களில், பளிங்குத் தரையில், குளிரூட்டி ஓடுகிற அறைகளுக்கு வெளியே. எங்கள் பிரிவில் ஒரு கள்ளிச்செடிகூட இல்லை. ஆகவே கூடுவதற்குப் பாலைக்குப் போகிறோம். பழைய ஒழுங்கு குழம்பினால் குழம்பட்டும்.

இதையெல்லாம் நான் அவரிடம் இப்படிச் சொல்லவில்லை. சீசா என்கிற பகுதியில் இருக்கிற எங்கள் வீட்டுக் குசினி மேசையில், பாகற்காய் வெட்டிக்கொண்டிருந்தபோது, ஒக்டோபரில் பாலைவனம் போகிறோம் என்றேன். அவர் ஒரு பெரிய அடுக்குமாடிக் கட்டடத்தின் வாயிற்காவலர். இந்த ஊரில் போர்தியேரே என்பார்கள். படிகளைக் கழுவி, பார்சல்களை வாங்கி வைத்து, கிழவிகளின் பைகளை லிப்ட் வரை தூக்கிக் கொடுத்து, வாசலில் இருக்கிற கண்ணாடிக் கூட்டுக்குள் உட்கார்ந்து எல்லாருக்கும் வணக்கம் சொல்லுகிற வேலை. யாரையும் மறுத்துப் பேசிப் பழக்கமில்லாதவர். என்னை மட்டும் மறுத்துப் பேசுவார்.

"பாறையைப் பாக்கவோ இவ்வளவு தூரம்? மொந்தே பெல்லெக்ரினோவும் பாறைதானே" என்றார். அது இந்த ஊரின் மலை. மேலே புனித ரொசாலியாவின் குகைக் கோயில். எங்கள் சனம் வேதக்காரர், சைவக்காரர் என்று பாராமல் நேர்த்திக்கு நடந்து ஏறுகிற இடம்.

"அங்கை போனா முழங்காலிலை நிக்க வேணும்" என்றேன். "நான் நிமிர்ந்து நிக்கிற இடத்துக்குப் போறன்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கோடை முழுக்க அதுதான் எங்கள் பொழுதுபோக்கு. மகள் தன் போனில் முகாம்களைத் தேடிக் காட்டுவாள். ஆட்டுமயிர்த் துணியில் கூடாரங்கள், வாசலில் கம்பளம், பாறையைப் பார்த்தபடி இரண்டு கதிரை. பார்த்தவுடன் அந்தக் கதிரைகளில் எது என்னுடையது என்று முடிவு செய்துவிட்டேன். இடது பக்கம். அவருடைய கவலைகள் வேறு. அங்கே சோறு கிடைக்குமா? ஒரு சின்ன ரைஸ் குக்கரைப் பெட்டிக்குள் வைத்தால் என்ன? கொஞ்சம் மாசிச் சம்பல்? ஒரு சட்டியும் வராது என்றேன். ஒரு கரண்டி வந்தாலும் நான் வரமாட்டேன் என்றேன். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. முகாம்காரருக்கு எழுத வேண்டிய கேள்விகளை நான் மகளுக்குச் சொல்லச் சொல்ல, என் வாயிலிருந்து முதலில் வந்தது, காலையில் தேத்தண்ணிக்கு எத்தனை மணிக்கு எழும்ப வேண்டும் என்பது. மகள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மம்மா, தேத்தண்ணி அவையள்தான் போடுவினம். நீங்கள் கிளியெந்தே." வாடிக்கையாளர் என்று அர்த்தம். பிறகு, அவளுக்கே உரிய குறும்போடு, இந்த இடம் முழுக்க ரொமாந்திக்கோவாக இருக்கிறதே, நீங்கள் இரண்டு பேரும் அங்கே என்ன செய்வீர்கள் என்று கேட்டாள்.

"ஒண்டும் செய்யமாட்டம். அதுக்குத்தான் போறம்" என்றேன்.

மச்சாளிடம் இது எப்படியோ போய்ச் சேர்ந்தது. அவர் எங்களுக்குத் தெரியாமல் கோயில் மண்டபத்தைப் பேசி வைத்திருந்தார். வெள்ளிவிழாத் திருப்பலி, சாப்பாடு, எனக்கு வெள்ளிச் சரிகைச் சீலை, எல்லாம் அவர் மனதில் நடந்து முடிந்திருந்தது. அந்தத் திரைச்சீலை அறையைத் தந்தவர் அவர். அந்த உரிமை அவருக்கு உண்டு, அதை நான் மறுத்ததில்லை. ஆனால் அந்த உரிமைக்கு ஒரு எல்லை உண்டு, அது எங்கள் கதவடி.

பேரப்பிள்ளை காண்கிற வயதில் தேனிலவு என்ன என்றார். அந்தப் பக்கம் சண்டை நடக்கிறதே என்றார். நாங்கள் எங்கே இருந்து வந்தனாங்கள் மச்சாள் என்று கேட்டேன். அவர் குரலை மாற்றினார்.

"ஆரும் காணாத வெள்ளிவிழாவை ஆர் பிள்ளை நம்பிறது?"

"நாங்கள் நம்புவம்."

அவர் போனை வைத்துவிட்டார். மண்டபத்தைக் கைவிடவில்லை.

மண்டபத்தை விடப் பெரிய தடை ஒன்று இருந்தது. லீவு. எங்கள் சனத்துக்கு இந்த ஊரில் லீவு கேட்கிற முறை என்று ஒன்று இருக்கிறது. எங்கும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். ஓகஸ்டில் முதலாளிமார் கடற்கரைக்குப் போகும்போது தருகிற லீவைத் தவிர மற்ற எந்தக் காலத்திலும் ஒரே ஒரு சாவிதான் கதவைத் திறக்கும்: சாவு. சந்தோஷத்துக்கு லீவு கேட்டால் சின்யோராமார் முகம் சுளிப்பார்கள். துக்கத்துக்குக் கேட்டால் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். ஆகவே நாங்கள் சாகடித்தோம். சித்தப்பாமார், பெரியம்மாமார், பிறந்தே இராத மாமாமார். திடீர் லீவு என்றால் சாவு. ஒரு மாதம் முன்கூட்டியே நாள் தெரிந்து டிக்கெட் எடுக்க வேண்டுமென்றால் முப்பத்தோராம் நாள் நினைவுத் திருப்பலி. எந்த வீட்டில் யாரைச் சாகடித்தோம் என்பதை நினைவில் வைத்திருப்பதுதான் கஷ்டம். பலேர்மோவில் நவம்பர் பிறந்தால் இறந்தவர்கள் வந்து பிள்ளைகளுக்கு இனிப்பும் விளையாட்டுச் சாமானும் வைத்துவிட்டுப் போவார்கள் என்பது நம்பிக்கை. எங்கள் இறந்தவர்கள் எங்களுக்கு லீவு கொண்டு வந்தார்கள்.

இதைச் சிரித்துக்கொண்டு சொல்லலாம், நாங்களும் சிரித்துக்கொண்டுதான் சொல்லுவோம். ஆனால் என் அப்பா மெய்யாகவே இறந்த நாளில், நான் வேலை செய்த வீட்டில் அவர் ஏற்கனவே இறந்திருந்தார். இன்னொரு தடவை அவரைச் சொல்ல முடியாது. மாமா செத்துவிட்டார் என்று சொல்லித்தான் நான் அப்பாவை அடக்கம் செய்யப் போனேன். அழுகை அப்பாவுக்கு. அனுதாபமோ, உலகத்திலேயே இல்லாத ஒரு மாமாவுக்கு. விமானத்தில் யன்னலோரம் இருந்து, இனி என் வாயால் ஒருவரையும் சாகடிக்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டேன்.

ஆகவே செப்டெம்பரில், லீவு கேட்க வேண்டிய நேரம் வந்தபோது, அவரிடம் ஒரு கட்டளை போட்டேன். "இந்த முறை ஒருத்தரும் சாகக் கூடாது. சந்தோஷமா இருக்கப் போறம் எண்டு சொல்லித்தான் லீவு எடுக்கிறம். தராட்டி வேற கதை." அவர் தலையாட்டினார். தலையாட்டுவது அவர் தொழில்.

நான் என் சின்யோராவிடம் கேட்டேன். கலியாண நாள், கணவரோடு பாலைவனம், ஐந்து நாள் என்றேன். அவர் வாசித்துக்கொண்டிருந்த பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, யார் இறந்தது என்று கேட்டார். ஒருவரும் இல்லை என்றேன். மறைக்காதே, சொல்லு என்றார். ஒருவரும் இல்லை, எல்லாரும் சுகம் என்றேன். அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்து, தைரியமாக இரு என்றார். நான் போனில் இருந்த பாறைப் படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். தன்னை ஒருவரும் இப்படியான இடத்துக்குக் கூட்டிப்போகவில்லை என்று படத்துக்குச் சொல்வது போலச் சொல்லிவிட்டு, மாத்திரைகளை நாள்வாரியாகப் பிரித்து வைத்துவிட்டுப் போ என்றார். அவ்வளவுதான். இத்தனை வருடமாகப் பூட்டியிருக்கிறது என்று நாங்கள் நினைத்த கதவு, தள்ளினால் திறந்தது. எனக்கு நிம்மதியை விடக் கோபம்தான் வந்தது, அந்த மாமாவை நினைத்து.

என் புருஷனுக்கும் லீவு கிடைத்தது. கட்டடத்தை நிர்வகிக்கிறவர் உடனே சம்மதித்தாராம். எப்படிக் கேட்டீர்கள் என்றேன். கேட்டேன், தந்தார்கள் என்றார். அன்று தொடங்கி மூன்று நாள் அவர் குரல் சரியில்லை. ரைஸ் குக்கரைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. டிக்கெட்டை மகள் எடுத்துவிட்டாள். முகாமில் கூடாரமும் பிடித்தாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து, நண்டுக் கறி அடுப்பில். சீனிப்பேணியில் போனைச் சாய்த்து வைத்து மன்னாரிலிருக்கிற அம்மாவோடு வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்தோம். அம்மாவுக்குப் பின்னால் மின்விசிறி சுற்றியது, வீதியில் கழுதை கத்தியது. மன்னாரில் யார் கதைத்தாலும் நடுவில் ஒரு கழுதை கதைக்கும். அப்போது மணி அடித்தது. கதவைத் திறந்தேன்.

அவருடைய கட்டடத்தின் நாலாம் மாடிச் சின்யோரா, கறுப்பு உடுப்பில். பின்னால் அவருடைய தங்கை, அவரும் கறுப்பில். கைகளில் ஈயத்தாள் மூடிய பெரிய தட்டு, கோப்பிப் பொட்டலம், சீனி. ஒன்றும் சொல்வதற்குள் சின்யோரா என்னைக் கட்டிப்பிடித்தார். கன்னம் ஈரமாக இருந்தது. "உன் அம்மா" என்றார். "என் பாவப்பட்ட பிள்ளை, உன் அம்மா."

இந்தத் தீவில் சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அக்கம்பக்கத்தார் சமைத்துக்கொண்டு வருவார்கள். குன்சுலு என்று அதற்குப் பெயர். எங்கள் ஊரிலும் அப்படித்தான். ஆகவே எனக்கு ஒன்றும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. ஈயத்தாளுக்குள் இருந்து சூட்டில் வெந்த அனெல்லெத்திப் பாஸ்தாவின் மணம் வந்தது, என் நண்டுக் கறியின் மணம் எதிரே போய் அதைச் சந்தித்தது. சின்யோரா கறியை மணந்து ஒரு கணம் குழம்பினார். பிறகு, வாயிற் கூட்டின் கண்ணாடியில் கறுப்புக் கரை போட்ட துண்டை எல்லாரும் சேர்ந்து ஒட்டியதைச் சொன்னார். வீட்டில் ஒருவர் போய்விட்டால் கதவில் ஒட்டுகிற அச்சிட்ட காகிதம். "என் மாமியாருக்காக" என்று எழுதியிருக்கும்.

நான் என் புருஷனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஈயத்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நாளாக அந்தத் துண்டுக்குக் கீழே இருந்து எல்லாருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

குசினியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஆர் பிள்ளை வந்திருக்கினம்?"

அவர் ஓடிப்போய்ப் போனைக் கவிழ்க்கக் கையை நீட்டினார். நான் அந்தக் கையைப் பிடித்தேன். அந்த ஒரு கணத்தில் எல்லாமே அந்தக் கையில்தான் இருந்தது. போனைக் கவிழ்த்தால் லீவு இருக்கிறது, வேலை இருக்கிறது, டிக்கெட் இருக்கிறது. முகம் தொங்கப்போட்டுக்கொண்டு தட்டை வாங்கி, நன்றி சொல்லி, ஒரு மாதத்தில் பாலைவனம் போகலாம். ஆனால் அந்த இடது பக்கக் கதிரையில் நான் அம்மாவைப் புதைத்துவிட்டுத்தான் போய் இருக்க வேண்டும். கூடாரத்துக்குள் இருந்து திருட்டுத்தனமாகப் பார்த்த பாறையை மறுபடி திருட்டுத்தனமாகவா பார்ப்பது?

"கவிழ்க்காதேங்கோ" என்றேன்.

போனை எடுத்து சின்யோராவுக்கு நேரே பிடித்தேன். இதுதான் என் அம்மா என்றேன். அம்மா, விருந்தினரைக் கண்டவுடன், சீலைத் தலைப்பைச் சரிசெய்து கும்பிட்டாள். கழுதை கத்தியது. சின்யோரா சிலுவை போட்டுக்கொண்டார். தங்கை தட்டைக் கட்டிப்பிடித்தபடி ஒரு அடி பின்னால் போனார்.

"இது முன்னர் பிடித்து வைத்த வீடியோவா?" என்று மெல்லக் கேட்டார் சின்யோரா.

"இல்லை. இப்போது. உயிரோடு."

சின்யோரா என்னை விட்டுவிட்டு என் புருஷனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அழுத கண்ணின் ஈரம் இன்னும் இருந்தது, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. அவர் வழக்கம் போலத் தலையைக் குனிவார், மன்னிப்புக் கேட்பார், ஒருவேளை இது வேறொரு மாமி என்பார், நான் முடிக்க வேண்டியிருக்கும் என்று காத்திருந்தேன். அவர் நண்டுக் கறிக்குக் கீழே அடுப்பை அணைத்தார். கையைத் துடைத்தார். பிறகு, நான் அதுவரை கேட்டிராத ஒரு இத்தாலியனில், வாயிற்காவலரின் பணிவு வார்த்தைகள் ஒன்றும் இல்லாமல் பேசினார்.

"சின்யோரா, நான் பொய் சொன்னேன். எங்களுக்குக் கலியாணமாகி இருபத்தைந்து வருடம். என் மனைவியை ஒரு பாலைவனத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். அதைச் சொன்னால் சிரிப்பீர்கள் என்று நினைத்தேன். சாவைச் சொன்னால் சிரிக்க மாட்டீர்கள்."

இதை நிர்வாகிக்குச் சொல்லாமல் இருக்க முடியாது என்றார் சின்யோரா. முப்பத்தோராம் நாள் திருப்பலிக்கென்று தந்த நாட்கள் அவை.

"சொல்லுங்கள். உங்கள் கண்ணீருக்கு மன்னிப்புக் கேட்கிறேன். போவதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். லீவு தந்தாலும் போகிறேன், தராவிட்டாலும் போகிறேன். அந்த நாட்களில் கேற்றை நீங்களே திறவுங்கள். திறப்பு எல்லாரிடமும் இருக்கிறதுதானே."

என் கலியாண நாளில் கோயிலில் அவர் சொன்ன வாக்குறுதி எனக்குச் சரியாகக் கேட்கவில்லை, அவ்வளவு மெல்லச் சொன்னார். இது கேட்டது.

சின்யோரா திரும்பினார். தங்கை தட்டோடு அவருக்குப் பின்னால் நடந்தார். வாசற்படியில் சின்யோரா சட்டென்று நின்று தங்கையை ஏசினார். குன்சுலுவைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டு போனால் சாவும் கூடவே வரும், பைத்தியமா உனக்கு என்றார். தங்கை தட்டைக் கீழே வைக்க இடம் தேடினார், நான் வாங்கிக்கொண்டேன். இரக்கத்தால் அல்ல, பயத்தால் அந்தச் சாப்பாடு எங்களுக்குக் கிடைத்தது. கோப்பியும் சீனியும் கூட.

அம்மாவுக்கு எல்லாவற்றையும் சொன்னோம். முதலில் அவளுக்கு விளங்கவில்லை. விளங்கியதும் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், மின்விசிறிக் காற்றில் தலைமயிர் பறக்கப் பறக்கச் சிரித்தாள்.

"என்னைச் சாக்காட்டித்தான் உங்களுக்குத் தேனிலவோ மருமகன்?"

"குறை நினையாதேங்கோ மாமி."

"முந்தியும் செத்திருக்கிறனோ?"

அவர் என்னைப் பார்த்தார். "ஓம் மாமி" என்றார்.

"சரி. என்ர செத்தவீட்டுச் சாப்பாடு ஆறப்போகுது. நல்லாப் போட்டுச் சாப்பிடுங்கோ, நான் இருந்து பாக்கிறன்."

அனெல்லெத்தியும் நண்டுக் கறியும் சேர்த்துச் சாப்பிட்டோம். சேராது என்று நினைப்பீர்கள். சேரும்.

இரண்டு தட்டையும் கழுவி வைக்கும்போது அவர் பக்கத்தில் வந்து நின்றார். "வேலை போனா என்ன செய்யிறது?" என்று கேட்டார். வேலை போனாலும் ஒக்டோபர் வரும் என்றேன். எனக்கும் பயம்தான். பயத்தோடும் போகலாம், பயத்துக்குத் தனி டிக்கெட் வேண்டியதில்லை.

திங்கட்கிழமை நிர்வாகி கூப்பிட்டு ஏசினார். வேலை போகவில்லை. நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் லீவு இல்லை, கேற்றடியிலேயே நில் என்றார். நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். மச்சாள் தன் பங்குக்கு ஒரு முடிவு எடுத்தார். பேசிய மண்டபம் பேசியதுதான், நாங்கள் இல்லாவிட்டாலும் வெள்ளிவிழா நடக்குமாம். எங்கள் கலியாணப் படத்தைப் பெரிதாக்கி, பூப்போட்டு, மேடையில் வைக்கப் போகிறாராம். அம்மாவுக்குப் பிறகு இப்போது நாங்கள். உயிரோடு இருக்கிற எங்களுக்கு மாலை போட்ட படத்தின் முன்னால் சனம் பிரியாணி சாப்பிடும்போது, நாங்கள் பாறையடியில் கால் நீட்டி இருப்போம். நடக்கட்டும். பிரியாணிக்கு ஒரு குறையும் வராது.

அந்த வியாழக்கிழமை பின்னேரம் நான் அவருடைய கட்டடத்துக்குப் போனேன். பழைய பழக்கம், வியாழன் என்றால் கால் தானாக அவர் இருக்கிற பக்கம் போகும். அவர் கண்ணாடிக் கூட்டுக்கு வெளியே நின்று, "என் மாமியாருக்காக" என்கிற கறுப்புக் கரைத் துண்டை வெந்நீர் தொட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தார். நல்ல பசை. மாமியார் போய்விட்டார், பசையின் நாலு ஓரமும் போகவில்லை. அந்த நாலு ஓரத்துக்குள் வைக்கவென்று ஒரு அட்டையை வெட்டி வைத்திருந்தார். நீலப் பேனையால், பள்ளிக்கூட எழுத்தில், இத்தாலியனில் எழுதியிருந்தது: போகும் திகதி, வரும் திகதி, அதற்குக் கீழே, மனைவியோடு பாலைவனத்தில் இருக்கிறேன்.

அதை ஒட்டிவிட்டு நாங்கள் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாலாம் மாடிச் சின்யோரா கடைப் பைகளோடு வந்தார். அட்டையை வாசித்தார். நீங்கள் போவதற்கு இன்னும் எத்தனையோ நாள் இருக்கிறதே, இதை ஏன் இப்போதே மாட்டுகிறாய் என்றார். என் புருஷன் வழக்கம் போல பைகளை வாங்கி லிப்டுக்குள் வைத்தார், பொத்தானை அழுத்தினார்.

"இருக்கட்டும் சின்யோரா" என்றார். "எல்லாரும் வாசிக்கட்டும்."

கதவு சாத்தி, லிப்ட் மேலே போனது. அவர் துணியை நனைத்து, அட்டையைச் சுற்றியிருந்த கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.